பதக்கம் சென்னைக்கு, மைதானம் யாருக்கு?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி கார்த்திகா ஊர் திரும்பியபோது மேளம், மாலை, பட்டாசு எல்லாம் காத்திருந்தன. முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் வழங்கினார். கட்சி வேறுபாடில்லாமல் எல்லோரும் வாழ்த்தினார்கள். நாளிதழ், தொலைக்காட்சி, இன்ஸ்டாகிராம் எங்கும் ஒரே பெயர்: கண்ணகி நகர் கார்த்திகா.

அந்தப் பெயரின் முதல் பாதியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கால் நூற்றாண்டாக 'கண்ணகி நகர்' என்ற முகவரி ஒருவருக்கு என்ன கொடுத்தது என்று அங்கே வளர்ந்தவர்களைக் கேளுங்கள். வீட்டு வேலை கேட்டுப் போனால் முகவரியைக் கேட்டதும் "அப்புறம் சொல்றோம்" என்பார்கள். இரவில் ஆட்டோ வராது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்கள் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கின்றன. ஆனால் அவற்றில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரியை விட்டுவிடுவார்கள். திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் வண்டியை விடும் இடமும் அதுதான். ஒரு தங்கப் பதக்கம் வந்தவுடன் அதே பெயர் ஒரே நாளில் சென்னையின் பெருமையாகிவிட்டது.

கண்ணகி நகர் தானாக முளைத்த ஊர் அல்ல. கூவம் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை, அடையாற்றங்கரை, ரயில் பாதையோரம் என்று நகரத்தின் நடுவே தலைமுறைகளாக வாழ்ந்த பூர்வகுடி மக்களை, 2000ஆம் ஆண்டு முதல் குடிசை மாற்று வாரியம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடம் அது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டி நகரத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறகு செம்மஞ்சேரி வந்தது, பெரும்பாக்கம் வந்தது. 1970இல் இந்த வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே கட்டிடம் கட்டித் தருவதுதான் நோக்கமாக இருந்தது. பிறகு நிலத்தின் விலை ஏறியது, நோக்கம் மாறியது. 2021இல் வாரியத்தின் பெயரும் மாறி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டி அதைக் கலைக் குடியிருப்பு ஆக்கினார்கள். சுவருக்கு வண்ணம் கிடைத்தது. போன வேலையும் பிள்ளைகள் விட்டுவந்த பள்ளிக்கூடமும் திரும்பக் கிடைக்கவில்லை.

கிராமம் சாதியின் கூடாரம், அதை விட்டு வெளியேறுங்கள் என்பது அண்ணலின் அறிவுரை. நம் முன்னோர் அதைக் கேட்டுத்தான் பட்டணம் போனார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், பின்னி மில்லில் நூல் நூற்றார்கள், ரயில்வேயில் சேர்ந்தார்கள். ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த வயல் வரப்பு நகரத்தில் இல்லை என்று நம்பினார்கள். நகரம் நிதானமாக, கோப்பு போட்டு, டெண்டர் விட்டு, 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு புதிய சேரியைக் கட்டியது. இன்று சென்னையில் யாரும் நேரடியாகச் சாதி கேட்பதில்லை. ஏரியா எது என்று கேட்டால் போதும், பதில் கிடைத்துவிடுகிறது.

இந்த ஏரியாக்கள்தான் சென்னைக்கு விளையாட்டைக் கொடுத்தவை என்பது இந்தக் கதையின் அடுத்த பாதி. குத்துச்சண்டைப் பரம்பரைகள் வடசென்னையின் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தன. வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகரும் தனபால் கணேஷும் இந்தியக் கால்பந்து அணி வரை போனார்கள். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் மாபெரும் டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் வென்ற ஒரே கோல் நந்தகுமாருடையது. புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். சினிமாவில் இதே தெருக்களைக் காட்டினால் கையில் அரிவாள் இருக்கும். செய்தியில் காட்டினால் குற்றப் பின்னணி இருக்கும். விளையாட்டுப் பக்கத்தில் மட்டும்தான் இந்த மக்களுக்கு முகம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தையும் விற்கப் பார்த்தார்கள். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம், தன்னுடைய ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. விளையாட வருபவர் ஒவ்வொருவரும் மணிக்கு 120 ரூபாய் கட்ட வேண்டும். வடசென்னைத் திடல்களும் அதில் இருந்தன. கணக்கு போட்டுப் பாருங்கள் தோழர்களே. ஒரு பையன் தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் பந்து உதைக்க 3,000 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் மாமன்றத்தில் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியபோது, அந்தத் திடலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை ஒருவருடைய நினைவுக்கும் வரவில்லையே, ஏன்? அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில்தான் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர பார்முலா 4 கார் பந்தயம் நடத்தி, சென்னை உலக வரைபடத்தில் ஏறிவிட்டது என்று பெருமைப்பட்டார்கள். பந்தயக் காருக்குச் சாலையை ஒதுக்கிக் கொடுத்த அதே நகரம்தான் பந்துக்கு வாடகை கேட்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள். தனியாரிடம் போனால் மாதச் சம்பளத்தில் பல ஆயிரம் குறையும் என்பதே அவர்களுடைய பயம். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில்தான் நேரு விளையாட்டரங்கம். போட்டி முடிந்ததும் அரங்கத்தின் குப்பையை அள்ளுவது யார்? அந்த அம்மாக்களின் பிள்ளைகள்தானே வடசென்னைத் திடல்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்? அம்மாவின் சம்பளத்தை வெட்டிவிட்டு மகனின் கோலுக்குக் கைதட்டுவதைப் பெருமை என்று நம்மால் ஏற்க முடியாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "விளையாட்டிலுமா சாதி?" கேட்பவர்களுக்குப் பால்வங்கர் பலூவைத் தெரியாது. தோல் பதனிடும் சமூகத்தில் பிறந்து, புனே கிளப்பில் வெள்ளைக்காரர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொடுத்து வளர்ந்த இடக்கைச் சுழல் வீரர். 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவர் வீசும் பந்து இந்து அணிக்குத் தீட்டில்லை. இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே நிறுத்தி மண் குவளையில் தேநீர். தலைமைப் பொறுப்பு கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார்.

பலூவின் கதையில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. இளைஞராக இருந்த அம்பேத்கர் அவரைக் கொண்டாடியவர். ஆனால் 1937 பம்பாய்த் தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் இதே பலூதான். அண்ணல் வென்றார் என்பது வேறு விஷயம். மைதானத்துக்கு வெளியே தேநீர் கொடுத்தவர்கள், அந்த வீரரின் புகழை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது நம் தலைவருக்கு எதிராகவே வீசினார்கள். நம் பெருமையின் சாவி அடுத்தவர் கையில் இருந்தால் இதுதான் நடக்கும். இன்று ஒரு வெற்றியாளரை மேடையில் நிறுத்தி, "பாருங்கள், உழைத்தால் முன்னேறலாம், இட ஒதுக்கீடு எதற்கு?" என்று நம்மையே கேட்பவர்கள் செய்வதும் அதே வேலைதான்.

பழங்கதை என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் கோல் அடித்தவர் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. சில நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா தோற்றதும், ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன் பட்டாசு வெடித்து, ஆடி, சாதி சொல்லித் திட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போன 11ஆம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்துக் கை விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்றனர் குடும்பத்தார். நாம் தோற்றாலும் திட்டு, ஜெயித்தாலும் வெட்டு. மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' வெளியான அதே அக்டோபரில்தான் கார்த்திகாவும் தங்கம் வென்றார். திரையரங்கில் கண்ணீர் விட்டவர்கள் தங்கள் ஊர்க் கபடிக் குழுவின் பனியனில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

பரிசுத் தொகை பற்றி நடந்த சண்டையில் நமக்குப் பெரிய ஆர்வம் இல்லை. செஸ் உலக சாம்பியன் குகேஷுக்கு 5 கோடி, கார்த்திகாவுக்கு 25 லட்சமா என்று கேட்டார்கள். உலக சாம்பியன் பட்டமும் இளையோர் போட்டியும் ஒன்றல்ல. அந்த வாதத்தில் நின்றால் எளிதாகப் பதில் சொல்லி நம்மை அனுப்பிவிடுவார்கள். கேள்வியை இப்படி வைக்க வேண்டும்: ஒருவர் ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன், அந்த ஏரியாவில் இருக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டியது உரிமை. பரிசைக் காட்டி உரிமைக் கணக்கை முடித்துவிடக் கூடாது.

நாங்கள் வேலை செய்யும் குமரி மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதம். மாநிலத்தில் 20 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். எந்தத் தொகுதியிலும் நம் ஓட்டு யாரையும் பயமுறுத்தாது. அதனால் எந்தக் கட்சியின் பட்டியலிலும் நம் குடியிருப்பு இல்லை. நாஞ்சில் நாட்டில் நம் வீடுகள் கால்வாய்க் கரையிலும் குளத்தங்கரையிலும் வயலோரப் புறம்போக்கிலும் இரண்டு மூன்று சென்டில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் விளையாடுவது கும்பப்பூ அறுத்த வயலில்தான். அடுத்த கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கும்வரை மைதானம் உண்டு, பிறகு கிடையாது. இப்போது அந்த வயல்களிலும் கல் நட்டுப் பிளாட் போடுகிறார்கள். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் பெரிய கால்பந்து அணிகள் வரை போனதில் நமக்கும் பெருமைதான். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடல் தந்த மணல் இருக்கிறது, அதையும் கடலரிப்பு தின்றுகொண்டிருக்கிறது. வயலோரத்துப் பிள்ளைக்கு எந்த மணலும் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் வந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் மட்டையும் பந்தும் ஊராட்சி அலுவலக அலமாரியில் இருந்தால், அந்த அலமாரியின் சாவி யாரிடம், அலுவலகம் எந்தத் தெருவில், நம் பிள்ளை அங்கே போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு திட்டத்தை அளக்க வேண்டும்.

நம் தோழர்களிலும் சிலர், கொலை நடக்கிறது, நிலம் போகிறது, இந்த நேரத்தில் விளையாட்டா என்று கேட்கிறார்கள். 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனபோதும் வண்டிச் சவாரியா முக்கியம் என்று கேட்டிருப்பார்கள். 1926இல் இதே சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத்தானே சத்தியாகிரகம் நடந்தது? தெரு பொது என்றால் நாம் நடக்க வேண்டும். மைதானம் பொது என்றால் நாம் ஓட வேண்டும். பொது இடத்தில் நம் உடம்பு பயமில்லாமல் அசைவதுதான் சுயமரியாதையின் முதல் பாடம்.

ஆகவே மாணவத் தோழர்களே, கைதட்டியதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை ஆதிதிராவிடர் குடியிருப்புகள், அவற்றில் எத்தனைக்கு நடந்து போகும் தூரத்தில் பொது மைதானம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் எவை புறம்போக்கு, எவை ஆக்கிரமிப்பு என்று வரைபடம் போடுங்கள். கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் நம் குடியிருப்புக்கு மைதானமும் பெண்களுக்குத் தனிப் பயிற்சியாளரும் கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் விளையாடும் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் கூடுதலாகக் கேளுங்கள். சென்னைத் தோழர்கள், திடல்களுக்கு வாடகை கேட்கும் தீர்மானம் வேறு பெயரில் திரும்பி வருகிறதா என்று மாமன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்தையும் கவனியுங்கள்.

கண்ணகி நகர் என்ற பெயரைத் தங்கத்தோடு சேர்த்துச் சொல்ல ஒரு பெண் பிள்ளை நகரத்தைக் கட்டாயப்படுத்திவிட்டார். அந்தப் பெயரை வேலை விண்ணப்பத்திலும் தயங்காமல் எழுதும் நாள் வரும்வரை சென்னையின் பெருமையில் நமக்குச் சேர வேண்டிய பங்கு பாக்கி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவோம்.

ஜெய்பீம்.