கிணற்று நீரும் கப்பிக் குஞ்சுகளும்



வீட்டு முற்றத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டிகளைக் கட்டி, கப்பி, மொலி, பிளட்டி என்று அலங்கார மீன் வளர்க்கும் பெண்கள் எம்மிடையே பலர் இருக்கின்றனர். சிறு முதலோடு, வீட்டு வேலைகளுக்கிடையே செய்யக்கூடிய தொழில் இது. ஆனால் இவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "தண்ணீர் மாத்தின அண்டைக்கே மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது அக்கா, விடிய எழும்பிப் பார்த்தால் செத்து மிதக்குது" என்பார்கள். நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றுவார்கள். கடன்பட்டுத் தொழில் தொடங்கியவருக்கு ஒரு தொட்டிக் குஞ்சுகள் போவது பல வார உழைப்புப் போவதற்குச் சமன்.

பல வேளைகளில் காரணம் நோயல்ல. அள்ளியவுடன் ஊற்றிய கிணற்று நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வாயுவே காரணம்.

மழைநீர் மண்ணூடாக இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளிவிட்ட இவ்வாயுவைக் கரைத்துக்கொண்டு போகிறது. வெளிக்காற்றோடு சமநிலையடைந்த நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம்தான் இருக்கும். நிலத்தடி நீரில் அது பத்துக்கணக்கான மில்லிகிராமாக இருக்கலாம். அதோடு ஒட்சிசனும் குறைவாக இருக்கும். காற்றுப்படாத குழாய்க்கிணற்று நீரில் இதைக் கூடுதலாகக் காணலாம்.

மீன் தன் உடலிலுள்ள காபனீரொட்சைட்டைப் பூக்கள் வழியாக நீரில் விடுகிறது. நீரிலேயே அது நிறைந்திருந்தால் வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது தேங்கி, ஒட்சிசனை ஏந்தும் ஆற்றல் குறைகிறது. மீன் மூச்சுத் திணறுவது அதனால்தான்.

உங்கள் கிணற்று நீரைச் சோதிப்பது எளிது. மீன் கடைகளில் விற்கும் பீ.எச் சோதனைத் துளிகளைக் கொண்டு, அள்ளியவுடன் ஒரு முறை பாருங்கள். அதே நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, இடையிடையே நன்றாகக் கலக்கி, மறுநாள் மீண்டும் பாருங்கள். முதல்நாள் 6.8 ஆக இருந்தது மறுநாள் 7.8 ஆக ஏறினால், வெளியேறியது காபனீரொட்சைட்டு என்று விளங்கிக்கொள்ளலாம்.

பரிகாரத்துக்கு மருந்து தேவையில்லை. நீரை அகன்ற தொட்டியில் நிரப்பி, காற்றுப்பம்பியும் காற்றுக்கல்லும் போட்டு 24 மணித்தியாலம் விடுங்கள். பம்பி இல்லாதவர்கள் வாளிக்கு வாளி உயரத்திலிருந்து பல தடவை மாற்றி ஊற்றலாம். மோட்டர் இருந்தால், குழாயின் நுனியில் சிறு துளைகள் இட்டு மழைபோல விழச் செய்யலாம். நீர் துளித்துளியாகக் காற்றில் படுவதே முக்கியம். பிறகு ஒரு தடவைக்கு மீன்தொட்டி நீரில் கால்பங்கை மட்டும் மாற்றுங்கள். கழிவு சேர்ந்த தொட்டியில் பீ.எச் திடீரென உயர்ந்தால் அங்குள்ள அமோனியா நஞ்சாகிவிடும்.

பீ.எச் குறைவாக இருக்கிறதே என்று அப்பச்சோடாவோ சுண்ணாம்போ போட அவசரப்பட வேண்டாம். வாயு வெளியேறியதும் பீ.எச் தானாக ஏறும். போட்டதும் சேர்ந்து அளவுக்கு மிஞ்சிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தின்கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். காபனீரொட்சைட்டுக் கரைந்த நீர் மென்னமிலமாகி அக்கல்லைக் கரைப்பதாலேயே அங்கு நீர் வன்னீராகிறது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் படிவும் அதுவே. கப்பிக்கும் மொலிக்கும் வன்னீர் நல்லது. மலையகத்தின் மென்னீரிலோ வாயு போன பின்பும் பீ.எச் தாழ்வாக இருந்தால், கழுவிய சிப்பியோட்டுத் துண்டுகளை ஒரு துணிப்பையில் கட்டித் தொட்டியில் போடலாம்.

இன்னும் இரண்டு விடயங்கள். வெள்ளத்தின் பின் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், அந்த மணம் முற்றாகப் போகும்வரை அந்நீரை மீனுக்கு விடாதீர்கள். அடுத்தது டெங்கு. நீர் சேமிக்கும் தொட்டியைப் பொலித்தீனால் மூடினால் வாயு வெளியேறாது. மூடாமல் விட்டால் நுளம்பு முட்டையிடும். ஆகவே நெருக்கமான வலைத்துணியால் மூடிக் கட்டுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் வாரம் ஒரு முறை தொட்டியை வெறுமையாக்கித் தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள்.

இன்று பின்னேரம் அள்ளிவைக்கும் நீர் நாளைப் பின்னேரம் மீனுக்கு உகந்ததாகிவிடும். மருந்துக்குக் கொடுக்கும் காசை ஒரு சிறிய காற்றுப்பம்பிக்குக் கொடுத்தால் அது நீண்ட காலம் உழைக்கும். குஞ்சுகளுக்கு வீட்டிலேயே தயாரிக்கும் உணவு பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன்.