வெட்சிக்குக் கத்தரி வேண்டாம்

விருதுநகர் மாவட்டத்து வ. புதுப்பட்டிக்கு மேற்கே எழும் மலைக்காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இதுபோன்ற தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் தானாக வளரும் செடி ஒன்று, இந்தப் பக்கத்து வீட்டு வாசல்களிலும் பள்ளி வளாகங்களிலும் அழகுச் செடியாக நிற்கிறது. ஊர் வழக்கில் இட்லிப்பூ. இலக்கியத்தில் வெட்சி.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், குறிஞ்சிக்கு அடுத்த இடத்தை வெட்சிக்குத் தருகிறார். பகைவரின் ஆநிரையைக் கவரப் போன மறவர் சூடியதும் இதைத்தான். தொல்காப்பியத்தில் புறத்திணைகளின் வரிசையே வெட்சியில் தொடங்குகிறது. முருகனுக்கும் உரிய பூ. கேரளக் கோயில்களில் தெச்சி என்ற பெயரில் இன்றும் மாலையாகிறது.

அப்படிப்பட்ட செடியை அலுவலக வாசல்களில் வேலியாக நட்டு, தலை நீட்டும்போதெல்லாம் கத்தரியால் மட்டம் தட்டிவிடுகிறார்கள். வெட்சி பூப்பது கிளையின் நுனியில். நுனி போனால் பூவும் போச்சு.

ஒரு கொத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஊசி ஊசியாய் மொட்டுகள். விரிந்த பூவுக்கு நான்கு இதழ். கீழே ஓர் அங்குலத்துக்கும் மேல் நீளும் மெல்லிய குழல். தேன் அந்தக் குழலின் அடியில் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பட்டாம்பூச்சிகளுக்கே நன்றாக எட்டும். மொட்டு அவிழும் முன்பே மகரந்தம் சூல்தண்டின் மேல்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. தேன் குடிக்க வரும் பட்டாம்பூச்சியின் தலையில் அது பட்டு, அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு கருஞ்சிவப்பாய்ப் பழுக்கும் சிறு பழங்களைப் பறவைகளும் பிள்ளைகளும் தின்பார்கள். ஓயாமல் கத்தரி படும் வேலியில் இதில் எதுவுமே நடப்பதில்லை.

விருதுநகர் மாவட்டத் தோட்டங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. காபிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வெட்சிக்கு, லேசான அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். காரத்தன்மை மிகுந்த கரிசலிலும் கடின நீர் பாயும் இடத்திலும் வேரால் இரும்புச்சத்தைச் சரியாக எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, இலை மஞ்சளாகிவிடும். மக்கிய இலையுரமும் சேமித்த மழைநீரும் அதைத் தேற்றும். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு இறங்கி மறுபடி மஞ்சளடிக்கும்.

நர்சரிக்குப் போகிறவர்கள் குட்டை ரகத்தோடு திரும்பிவிடாமல், ஆளுயரத்துக்கு வளரும் பழைய சிவப்பு வெட்சியைக் கேட்டு வாங்குங்கள். கை கால் நீட்டி வளர இடம் விட்டு நடுங்கள். பழம் உதிர்ந்த பிறகு லேசாகக் கவாத்து செய்தால் போதும்.