முகத்துக்கு எந்த வண்ணம்?



இவ்வாண்டு நம் பள்ளியின் கீழ்வகுப்புகளில் ஒரு புதிய மோகம் பரவியிருப்பதை யாவரும் கவனித்திருப்பீர்கள். கடைத்தெருவின் ஜெராக்ஸ் கடைகளில் ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களின் கோட்டுப்படங்களைத் தாள் தாளாக அச்சிட்டுத் தருகிறார்கள். அனிமே என்பது இவ்வகைக் கார்ட்டூனுக்குப் பெயர். இடைவேளை மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் கிரையான் டப்பாவைத் திறக்கும் தங்கைகள் இப்போது நம்மிடையே பலர். மூத்தோர் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கு என்கின்றனர். எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அரை மணி நேரம் ஓர் இடத்தில் அமர்ந்து, கோட்டுக்கு வெளியே போகாமல் ஒரு சிறுமி வண்ணம் தீட்டுகிறாள் என்றால் அதில் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி இருக்கிறது. அவளுடைய கையில் கைப்பேசி இல்லை என்பதே பெற்றோருக்குப் பெரிய ஆறுதல் அல்லவா?

ஆயினும் ஒன்று எங்கள் மனத்தை உறுத்துகிறது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆண்டு விழாக் கண்காட்சிக்காக இத்தாள்களைச் சுவரில் ஒட்டும் பொறுப்பு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. வரிசையாக ஒட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். தலைமுடியில்தான் எத்தனை துணிச்சல்! ஊதா முடி, கிளிப்பச்சை முடி, கனகாம்பர நிறத்தில் முடி. ஒருத்திக்குப் பாதி நீலம், பாதி ரோஜா. கண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் முகங்கள்? அத்தனையும் ஒரே வெளிறிய ஆரஞ்சு. தங்கைகள் 'ஸ்கின் கலர்' என்று அழைக்கும் அந்த ஒரு குச்சி எல்லா டப்பாக்களிலும் தேய்ந்து துண்டாகிப் போயிருந்தது. பழுப்புக் குச்சியோ கடையிலிருந்து வந்த கூர்கூட மழுங்காமல் கிடந்தது. மரத்தின் அடிப்பகுதியைத் தீட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலையே இல்லை போலும்!

முடிக்கு நீலம் தீட்டத் தயங்காத கை, முகத்துக்கு மாநிறம் தீட்ட ஏன் தயங்குகிறது?

கார்ட்டூனோடு இது நின்றிருந்தால் நாங்கள் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். அதே சுவரில் 'என் அம்மா' என்ற தலைப்பில் சிறுமியர் தாமே வரைந்த படங்களும் இருந்தன. வயலில் நாற்று நடும் அம்மா, தண்ணீர்க் குடம் சுமக்கும் அம்மா, அடுப்படியில் நிற்கும் அம்மா. எல்லா அம்மாக்களுக்கும் அதே வெளிறிய ஆரஞ்சு முகம். ராயகிரியின் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் தாயின் முகத்தைத் தினமும் பார்த்து வளர்கின்ற குழந்தை, தாளில் அந்த முகத்தை மாற்றிவிடுகிறது. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. குச்சியின் பெயரே சொல்லிக் கொடுத்துவிட்டது.

இப்பெயரைப் பற்றி உலகில் பல இடங்களில் கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்றுவந்த குச்சிக்கு 1962-இல் பீச் என்னும் பழத்தின் பெயரைச் சூட்டியது. மனிதத் தோலின் பல நிறங்களுக்கென்றே 24 குச்சிகள் அடங்கிய டப்பாவை அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்டது. தென் கொரியாவில் நடந்ததோ இன்னும் சுவையானது. அங்கே 'தோல் நிறம்' என்னும் பெயர் சமத்துவத்துக்கு ஏற்றதன்று என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2002-இல் கூறிற்று. அதற்குப் பதிலாக அதிகாரிகள் வைத்த பெயர் சீன மொழிச் சொற்களால் ஆன கடினமான பெயர். "எங்கள் குச்சியின் பெயர் எங்களுக்கே புரியவில்லை" என்ற கருத்துப்படச் சிறுவர் சிறுமியரே 2004-இல் முறையிட்டனர்! மறு ஆண்டே அது 'வாதுமைப்பழ நிறம்' ஆயிற்று. ஆப்ரிகாட் பழத்தைத்தான் சொல்கிறோம். நம் நாட்டிலும் 2010-களில் பெங்களூரில் ஒரு சட்டக்கல்லூரி மாணவர், டப்பாவில் 'ஸ்கின்' என்று அச்சிட்டு விற்பதை எதிர்த்து நுகர்வோர் மன்றத்தை நாடினார்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அனிமே பிறந்த ஜப்பானிலேயே இது நடந்தது. அங்கும் 'ஹதாயிரோ', அதாவது தோல் நிறம், என்றொரு குச்சி இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டின் முக்கிய நிறுவனங்கள் அப்பெயரைக் கைவிட்டு, வெளிர் ஆரஞ்சு என்று பொருள்படும் பெயரை இட்டன. ஜப்பானியரே விட்டுவிட்ட பெயரை, ஜப்பானியப் படத்துக்கு வண்ணம் தீட்டும் நாம் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது வேடிக்கையாக இல்லையா?

"அவர்கள் ஜப்பானியப் பாத்திரங்கள், அவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்" என்று சில தோழியர் எங்களிடம் வாதாடினர். அப்படியானால் ஜப்பானியருக்கு நீல முடி உண்டா என்று திருப்பிக் கேட்டோம். பதில் சிரிப்பாகத்தான் வந்தது. உண்மையில் இப்படங்களின் வண்ணங்கள் எவர் மேனியிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஜப்பானியச் சித்திரக்கதைகளின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் அச்சாவது. வண்ணம் பின்னால் வந்து சேர்வது. ஒவ்வொரு வண்ணமும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு. அக்காரணங்களுள் சில நம்மை வியக்க வைக்கும்! 'டிராகன் பால்' கதையின் ஆசிரியர் அகிரா தோரியாமா, நாயகனின் கரிய முடிக்கு மை பூசுவதற்கே உதவியாளருக்கு வெகுநேரம் ஆகிறதே என்று, அவன் ஆற்றல் பெருகும் கட்டத்தில் முடியை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டார். திரைக்கு வந்தபோது அந்த வெற்றிடமே பொன் நிறம் ஆயிற்று. மை மிச்சப்படுத்தப் பிறந்த பொன்முடி!

முன்னாளில் இப்படங்களைக் கண்ணாடி போன்ற தாள்களின் பின்புறத்தில் கையால் வண்ணம் தீட்டியே தயாரித்தனர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பகலுக்கு ஒரு வண்ணப் பட்டியல், மாலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இவ்வேலையில் தலைசிறந்து விளங்கியவர் மிச்சியோ யசுதா என்னும் பெண்மணி. 1939-இல் பிறந்து 2016-இல் மறைந்த இவர், புகழ்பெற்ற கிப்லி நிறுவனத்தின் படங்களுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பல்லாண்டுகள் வகித்தார். போரில் அநாதையாகும் அண்ணன் தங்கையின் துயரத்தைச் சொல்லும் 'மின்மினிகளின் கல்லறை' என்ற 1988-ஆம் ஆண்டுப் படத்தில், வழக்கமான கறுப்புக் கோடுகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பழுப்புக் கோடுகளே வரையப்பட்டன. படம் அதனால் எவ்வளவு மென்மை அடைந்தது என்பதைப் பார்த்தவர் அறிவர். நம் டப்பாவில் தீண்டுவாரற்றுக் கிடக்கும் அதே பழுப்புதான்!

நிறத்துக்குக் காரணம் உண்டு என்பதை நாமும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நம் மேற்கு மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கதகளியில் உத்தம நாயகனின் முகம் பச்சை. மனிதனுக்குப் பச்சை முகமா என்று யாரும் கேட்பதில்லை. அது குணத்தின் அடையாளம் என்று பார்ப்போர் அறிவர். டோரேமோன் பூனையின் நீலமும் அத்தகையதே. அதைப் பச்சையாக்கினால் அது வேறு பூனை ஆகிவிடும். நருட்டோவின் ஆரஞ்சு உடையும் அப்படியே. கதையைச் சுமக்கின்ற வண்ணத்தை மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் அப்பாத்திரங்களின் முகத்தில் உள்ள வெளிர் ஆரஞ்சு எந்தக் கதையைச் சுமக்கிறது? பழக்கத்தை மட்டுமே.

தமிழில் பெண்ணின் மேனி நிறத்துக்கு 'மாமை' என்று ஓர் அழகிய சொல் உண்டு. மாந்தளிரின் நிறம் என்பர் உரைகாரர். மாமரம் தளிர்விடும் நாளில் அண்ணாந்து பாருங்கள்; செம்பும் பழுப்பும் கலந்து எப்படி மினுங்குகிறது! சங்கப் பாடல்களின் தலைவி அந்த நிறத்தவள். தலைவன் பிரிந்தால் அவள் மேனியில் படர்வது பசலை; மாமை கெட்டு மேனி வெளிறிப் போவது. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே இத்துயரைப் பேசுகிறது. ஆக, நம் முன்னோர் கண்ணில் வெளிறுதல் நோய், மாநிறமே நலம். அந்நாட்டில் பிறந்து, மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று கேட்கிறோம். வெயிலில் ஆடும் மகளை, "கறுத்துப் போய்விடுவாய், உள்ளே வா" என்று அழைக்கிறோம். (வெயில் கொடுமைக்காக அழைத்தால் எங்களுக்கு மறுப்பில்லை!) முகப்பூச்சு விற்கும் பெரிய நிறுவனமே 2020-இல் தன் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

அருட்சகோதரிகளுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 1531-இல் மெக்சிகோவில் காட்சியளித்ததாகப் போற்றப்படும் குவாதலூப்பே அன்னையின் திருமுகம் மாநிறமே. போலந்து நாட்டின் செஸ்டகோவா அன்னையோ கரிய முகத்தினள். வெள்ளையர் நாட்டிலே இலட்சக்கணக்கானோர் அவள் முன் மண்டியிடுகின்றனர்.

எனவே பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். வண்ணம் தீட்டும் போட்டிகளில் தாளின் ஓரத்தில் சிறிய மாதிரிப் படம் ஒன்றை அச்சிட்டு, அதனை ஒத்திருப்பதற்கு மதிப்பெண் இடும் வழக்கம் பல இடங்களிலும் உள்ளது. அந்த மாதிரியை எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. பின் எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று ஆசிரியைகள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் படம் காட்டுகிறதா, வண்ணங்கள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். தாளின் பின்புறம், "இவளுக்கு இந்த நிறம் ஏன்?" என்பதற்கு ஒரே வரியில் விடை எழுதச் சொல்லலாம். "எனக்குப் பிடிக்கும்" என்று எழுதினாலும் அது விடைதான். வெளிறிய முகமே வேண்டும் என்று ஒருத்தி தேர்ந்தெடுத்தால், அவள் விருப்பத்தில் குறுக்கிட நாங்கள் யார்? தேர்ந்தெடுத்தாள் என்றால் போதும்.

தங்கைகளுக்குச் செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். பழுப்புக் குச்சியை மட்டும் அழுத்தித் தேய்த்தால் முகம் மண்சுவர் போல் ஆகிவிடும். அதனால்தான் பலர் ஒருமுறை முயன்றுவிட்டு அஞ்சுகின்றனர். முதலில் மஞ்சளை மிக மெல்லப் பூசுங்கள். அதன்மேல் ஆரஞ்சு. அதன்மேல் பழுப்பை வட்டவட்டமாக, கை அழுத்தாமல். இன்னும் கரிய முகம் வேண்டுமானால் அடியில் மஞ்சளுக்குப் பதில் சிறிது நீலம் பூசிவிட்டுப் பழுப்பை ஏற்றுங்கள். மூக்கின் ஒரு பக்கம், தாடையின் அடி போன்ற நிழல் விழும் இடங்களுக்குக் கறுப்புக் குச்சி வேண்டாம். அது அழுக்குப் படிந்தாற்போல் காட்டும். ஊதாவே நன்று. வெள்ளைக் குச்சியை மேலே தேய்த்து ஒளி காட்ட முயலாதீர்கள். சாம்பல் பூசியது போலாகும். ஒளி படும் நெற்றியிலும் கன்னத்திலும் ஆரஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீல முடியில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு நற்செய்தி. வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே இருப்பது ஆரஞ்சு. பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சே. எதிரெதிர் நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஆகவே நீல முடி வெளிறிய முகத்தின் அருகில் இருப்பதைக் காட்டிலும் மாநிற முகத்தின் அருகில்தான் பளிச்சென்று தெரியும். நம்பாதவர்கள் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை வாங்கி, இரு விதமாகவும் தீட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணின் வெண்பகுதிக்கு எந்தக் குச்சியும் வேண்டாம்; தாளை அப்படியே விட்டுவிடுங்கள்.