மலிவுச் சீட்டு சாமர்த்தியத்துக்குப் பரிசா?

பொங்கல் என்றாலும், தீபாவளி என்றாலும், ஊரில் சாவு என்றாலும், பெங்களூரில் பிழைக்கும் தமிழ்க் குடும்பம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சீட்டு கிடைக்குமா? எவ்வளவு ஆகும்?" இதற்கு விவரம் தெரிந்தவர்கள் ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள். "முன்கூட்டியே எடுத்தால் மலிவு. கடைசி நேரத்தில் ஓடினால் அப்படித்தான் ஆகும்" என்கிறார்கள். கேட்க நியாயம்போல இருக்கிறது. ஆனால் தோழர்களே, இந்த யோசனைக்குள் பெரிய அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மலிவான சீட்டு உழைப்பாளியின் உரிமை என்பதை மறைத்து, அது சாமர்த்தியசாலிக்குக் கிடைக்கும் பரிசு என்று நம்மையே நம்ப வைக்கிறது இது!

அறுபது நாள் முன்னால் யாருக்குத் தெரியும்?

முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். நமக்கு இரண்டும் ஒன்றே. பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் கார்மென்ட்ஸில் தைக்கும் பெண்ணுக்குப் பண்டிகைக்கு எத்தனை நாள் லீவு என்பது பண்டிகைக்குச் சில நாள் முன்புதான் தெரியும். கட்டட வேலைக்காரருக்கு, மேஸ்திரி கணக்கு முடித்துக் கூலி கொடுத்தால்தான் பயணம். வீட்டு வேலை செய்யும் தாய்மார்களோ, எஜமானியம்மாள் ஊருக்குப் போகும் நாளைப் பார்த்துத்தான் தன் ஊரை நினைக்க முடியும். மாதச் சம்பளமும் ஆண்டு விடுமுறைப் பட்டியலும் உள்ளவருக்கு அறுபது நாள் ஒரு வசதி. அன்றாடங்காய்ச்சிக்கு அது அடைத்த கதவு!

பிந்தியவனுக்கு அபராதம்

அந்தக் கதவு அடைபட்டபின் ஏழைக்குத் திறக்கும் கதவுகளைப் பாருங்கள். முதலாவது, 1997-ல் வந்த தத்கல். ஸ்லீப்பர் வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தோடு 30 விழுக்காடு கூடுதல். குறைந்தது 100 ரூபாய், அதிகம் 200 ரூபாய். அதோடு விட்டார்களா? ஸ்லீப்பர் தத்கலுக்குக் குறைந்தபட்சக் கட்டணத் தூரம் 500 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 360 கிலோமீட்டர். சேலம் அதைவிடவும் குறைவு. போகாத தூரத்துக்கும் சேர்த்தே நம்மிடம் வாங்குகிறார்கள். உறுதியான தத்கல் சீட்டை நாமாக ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது. இதற்கும் மேலே, 2014-ல் பிரிமியம் தத்கல் என்று ஒன்று வந்தது. இடம் குறையக் குறைய விலை ஏறும். ஏலம் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பண்டிகைக்குச் "சிறப்பு இரயில்" விடுகிறார்கள். சிறப்புக் கட்டண வண்டி என்றால் இரண்டாம் வகுப்பில் அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடும், மற்ற வகுப்புகளில் 30 விழுக்காடும் கூடுதல். கூட்டம் அதிகமானால் கட்டணத்தைக் குறைத்து மக்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசின் வேலையா, கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றுவதா? ஏற்றுவது வியாபாரியின் வேலை. அதைச் செய்யத் தனியார் பஸ்காரர்கள் இருக்கிறார்களே, போதாதா?

பிள்ளைக்கும் பாட்டிக்கும் விழுந்த அடி

கணவன், மனைவி, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். முன்பு இக்குடும்பம் மூன்று முழுக் கட்டணத்துக்கு நான்கு படுக்கை பெற்றது. 2016 ஏப்ரலுக்குப்பின், 5 முதல் 12 வயதுக்குள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் என்றால் அப்பா மடியில்தான் படுக்கவேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாக வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது இரயில்வேயின் கணினி மையமே 2023-ல் சொல்லியிருக்கிறது.

முதியவர்கள்? 60 வயது கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க மதுரையிலிருந்து வரும் பாட்டி இன்று முழுக் கட்டணம் கட்டுகிறாள்.

"மானியம்" என்ற பூச்சாண்டி

இதையெல்லாம் கேட்டால் ஒரே பதில்: "பயணச் செலவில் பாதியை நாங்கள்தானே சுமக்கிறோம்!" 2016-ல் சீட்டிலேயே அச்சடித்தார்கள், நம் கட்டணத்தில் 43 விழுக்காட்டை நாட்டின் சாதாரணக் குடிமக்கள் சுமக்கிறார்கள் என்று. அய்யா, அந்தச் சாதாரணக் குடிமகன் யார்? நாம்தானே! பயணிகள் வண்டியின் நட்டத்தைச் சரக்கு வண்டியின் வருமானம்தான் ஈடுகட்டுகிறது. அந்தச் சரக்கு நிலக்கரி, சிமெண்ட், உணவு தானியம். அதன் வாடகை நாம் வாங்கும் அரிசியின் விலையிலும், கட்டும் மின்சார பில்லிலும் இருக்கிறது. நம் பணத்தை நமக்கே பிச்சையாகக் காட்டுகிறார்கள். அதுமட்டுமா? கட்டடமும் துணியும் வீட்டு வேலையும் நம் கையால் நடப்பதால்தான் இந்த நகரம் நடக்கிறது. உழைப்பாளியை வேலைக்குக் கொண்டுவந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, நகரம் தன் தேவைக்குச் செய்யும் செலவே அன்றித் தருமம் அல்ல.

இது தெரியாதவர்களுக்குக் கோலார் தங்கவயலைக் காட்டுவோம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் வெந்த தமிழ்க் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் வந்து உழைத்து, இரவில் திரும்பினார்கள். அந்த வீடுகளில் அடுப்பெரிந்ததற்குப் பாசஞ்சர் வண்டியும் மாதாந்திர சீசன் டிக்கெட்டும் ஒரு பெரும் காரணம். மலிவுக் கட்டணம் என்றால் இதுதான் பொருள்.

எழுதியவன் திருத்தவும் முடியும்

கட்டணம் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் எழுதுகிறார்கள், மனிதர்கள் கேட்டால் திருத்துகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவதியைக் காந்தியடிகள் 1917-லேயே எழுதினார். 1974-ல்தான் அந்த வகுப்பு ஒழிந்தது. 1977-ல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை போட்டார். அண்மைச் சான்றும் உண்டு. கொரோனாவுக்குப்பின் பாசஞ்சர் வண்டிகளுக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். பயணிகள் சங்கங்கள் விடாமல் கேட்டன. 2024 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தலுக்கு முன்பாக, பழைய கட்டணம் திரும்பியது. ஏழை சொல் தனியாகப் போனால் அம்பலம் ஏறாது. கூட்டமாகப் போனால் ஏறும்!

அதுவரை ஏமாறாமல் இருப்போம்

உரிமை கேட்பவன் கையில் இருப்பதை இழக்க வேண்டியதில்லை. கவுண்டரில் எடுத்தால் இணையச் சேவைக் கட்டணம் இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஏ.சி. இல்லாத வகுப்புக்கே ஒரு சீட்டுக்கு 10 முதல் 15 ரூபாயும், அதன்மேல் வரியும் போகும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்கு ஸ்லீப்பரில் தலைக்கு 30 ரூபாய், இரண்டாம் வகுப்பில் 15 ரூபாய் கூடுதல்; சாதாரண எக்ஸ்பிரஸ் இருந்தால் அதில் ஏறுங்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு விலை குறையும்; ஆகவே வழியில் வண்டி மாறினாலும் கடைசி ஊர்வரை ஒரே சீட்டாக எடுங்கள். போக முடியாமற்போனால் உறுதியான சீட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாம். வண்டி புறப்பட 24 மணி நேரம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். தினமும் வருவோருக்கு 150 கிலோமீட்டர்வரை சீசன் டிக்கெட் உண்டு. 200 கிலோமீட்டருக்குட்பட்ட முன்பதிவில்லாச் சீட்டை வெகுநேரம் முன்னால் வாங்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்குள் பயணம் தொடங்கவேண்டும். கூடுதல் விலைக்குச் சீட்டு விற்கும் தரகரிடம் போகவே போகாதீர்கள். 1989 இரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் அது மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம். அடுத்தவர் பெயரில் உள்ள சீட்டோடு வண்டியில் மாட்டுவது நாம்தான்.

நாம் கேட்பது

2023 டிசம்பர் 30 அன்று, ஒரே நாளில், கோவை–பெங்களூர் வந்தே பாரத்தும் மால்டா–பெங்களூர் அம்ரித் பாரத்தும் கொடியசைத்துத் தொடங்கப்பட்டன. முன்னது ஏ.சி. நாற்காலி வண்டி, பின்னது ஏ.சி. இல்லாத உழைப்பாளி வண்டி. மால்டாவுக்கு முடிந்தது திருநெல்வேலிக்கு முடியாதா? தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முழுவதும் முன்பதிவில்லாத அந்த்யோதயா வண்டி விட முடிந்ததே, பெங்களூரிலிருந்து ஏன் முடியாது? ஆகவே கேட்கிறோம்:

பண்டிகைக்கு முன்னும் பின்னும் பெங்களூரிலிருந்து தென் மாவட்டங்களுக்கு முழுவதும் முன்பதிவில்லாத வண்டிகளைச் சாதாரணக் கட்டணத்தில் விடு!

சிறப்புக் கட்டணத்தையும், தத்கலின் 500 கிலோமீட்டர்க் கணக்கையும் நீக்கு!

பிள்ளைகளின் அரைக் கட்டணப் படுக்கையையும் முதியோர் சலுகையையும் திருப்பிக் கொடு!

அமைப்பு சாராத் தொழிலாளருக்கென 2009-ல் 25 ரூபாய் "இஜ்ஜத்" சீசன் டிக்கெட்டை அறிவித்து, மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மிகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அவ்வரம்பை இன்றைய கூலிக்கேற்ப உயர்த்து!

இது தமிழர் கோரிக்கை மட்டுமல்ல. கலபுரகிக்கும் ராய்ச்சூருக்கும் போகும் கன்னடத் தொழிலாளியும் இதே பொதுப் பெட்டியின் வாசலில்தான் தொங்குகிறார். அவரையும் சேர்த்துக்கொண்டு, தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய மனுவோடு கோட்ட மேலாளர் அலுவலகத்துக்குப் போவோம். ஸ்ரீராமபுரம், அல்சூர், ஈஜிபுரா, தங்கவயல் என்று எங்கெல்லாம் நம்மவர் இருக்கிறார்களோ அங்கெல்லாம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும்போது பிள்ளைகளின் வயதையும், ஊருக்குப் போய்வர ஆகும் செலவையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை அவர்கள் மேசைமேல் வைத்துப் பதில் கேட்போம்!