சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்!

குட்டீஸ்... பள்ளியில், 'மியூசிக் வீடியோ' புராஜெக்ட் கொடுத்தால், பிடித்த பாட்டைப் பத்து முறை பார்த்து, அப்படியே காப்பி அடிக்கிறீர்களா? அது ஆராய்ச்சி ஆகாது!

ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணி, நோட்டில் எழுதுங்கள். ராக் பாட்டு என்றால், பாடகர் முகம், கிதார் வாசிக்கும் விரல்கள் என்று, பெரும்பாலும் தாளத்துக்கு ஏற்ப மாறி மாறி வரும். அதுதான் அந்த வகையின் வழக்கம்.

அமெரிக்காவின், 'ஓகே கோ' ராக் குழுவினர் நால்வர், 2006ல் இதை மாற்றிக் காட்டினர். நகராத ஒரே கேமரா, எட்டு டிரெட்மில்கள். இடையில் வெட்டே இல்லாமல் ஆடி முடித்தனர். 2007ல் கிராமி விருது கிடைத்தது!

வழக்கம் தெரிந்தால் தான், எதை மாற்றலாம் என்பது புரியும். எனவே, முதலில் எண்ணுங்கள். பிறகு கேமராவைத் தொடுங்கள். சரியா?