ஏடு யாருக்குச் சொந்தம்?

டாக்டரின் அறையிலிருந்த மர அலமாரி வெளியேறுகிறது. மேசைமீது கணினி வந்து அமர்கிறது. நோயாளியின் பெயர் எழுதிய அட்டை, பழுப்பேறிய சீட்டு, கம்பவுண்டர் தேடியெடுத்துத் தரும் நோட்டு - எல்லாம் விடைபெறுகின்றன. 2021 செப்டம்பர் 27ஆம் நாள் மத்திய அரசு நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், ஆளுக்கொரு 14 இலக்க எண் தருகிறோம், அந்த எண்ணோடு நோய்க்குறிப்புகளை இணைக்கலாம் என்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கிய மாற்றம் தெருமுனை டாக்டர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இதை வரவேற்பதா, எதிர்ப்பதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். வரவேற்கிறோம். ஏன் வரவேற்கிறோம் என்பதையும், எதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேற்க வேண்டும் என்பதையும் விளக்குவது நம் கடமை.

கல்லுடைக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். கல்தூசி அவன் நெஞ்சுக்குள் நாள்தோறும் இறங்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பெரும்பாலும் பத்தாண்டு, அதற்கும் மேல் கழித்தே தலைகாட்டும். இருமலுக்கு ஒரு டாக்டரிடம் போனான். எக்ஸ்ரே வேறிடத்தில் எடுத்தான். காசநோய் என்று மருந்து தந்தது மூன்றாவது ஆஸ்பத்திரி. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும், 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்திலுமே சிலிக்கோசிஸ் தொழில்நோய் என்று எழுதப்பட்டிருந்தது. சட்டம் இருக்கிறது, சான்று எங்கே? உள்நோயாளியின் ஏட்டை மூன்றாண்டு காத்தால் போதும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. பத்தாண்டு கழித்து வரும் நோய்க்கு மூன்றாண்டு ஏடு! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏடே இல்லாத ஏழைக்குச் சுரைக்காயும் இல்லை, கறியும் இல்லை!

மின்னணு ஏடு இந்த அநீதியைத் தீர்க்க வல்லது. மத்திய சுகாதாரத்துறை 2016இல் வெளியிட்ட தரவிதிகள் இரண்டு பெரிய உண்மைகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன. நோயாளி உயிரோடிருக்கும் காலம் வரை அந்த ஏட்டை அழிக்கக் கூடாது என்பது ஒன்று. ஏட்டிலுள்ள விவரம் நோயாளிக்கே உடைமை, மருத்துவமனை அதைக் காக்கும் அறங்காவலர் மட்டுமே என்பது மற்றொன்று. சொல் நன்று. ஆனால் இவை தரவிதிகள். மீறினவரைக் கூண்டில் ஏற்றும் சட்டம் அல்ல. அறங்காவலரே கோயில் நிலத்தை விழுங்கிய கதைகளை அறிந்த மக்கள் நாம்! சொல்லுக்குச் சட்டத்தின் பலம் வேண்டும் என்கிறோம்.

எந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோரும் உளர். அவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். 2002இல் அங்கே அரசு மருத்துவத் துறை முழுவதையும் கணினிமயமாக்கப் புறப்பட்டார்கள். 1,200 கோடி பவுனுக்கு மேல் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக 2011இல் அரசே அறிவித்தது. மேலிருந்து கட்டளை பிறந்தது. கீழே வேலை செய்யும் டாக்டரையும் நர்ஸையும் போதிய அளவு கேட்கவில்லை. அமெரிக்காவிலோ, நோயாளியோடு செலவிடும் ஒரு மணிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் டாக்டர்களுக்குக் கழிகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. நாடி பிடிக்க வேண்டிய கை விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தால், வரிசையில் நிற்பவன் கதி என்ன?

தொலைவு போவானேன்? 2022 நவம்பர் 23ஆம் நாள் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கினர். பல நாட்கள் சீட்டெழுதிச் சிகிச்சை தந்தார்கள். தலைநகரத்துப் பெரிய மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், மின்சாரம் போய்ப்போய் வரும் சிற்றூர்க் கிளினிக்கில் மாற்றேற்பாடு வேண்டாமா?

இன்னொன்று, இன்னும் ஆபத்தானது. பதிவு மேசையில் தொழிலாளியிடம், "உன் செல்போனில் வந்த எண்ணைச் சொல்" என்கிறார்கள். சொல்லிவிடுகிறான். எதற்குச் சம்மதித்தான்? யார் பார்க்கச் சம்மதித்தான்? அவனுக்குத் தெரியாது! அவனுடைய நோயை முதலாளி அறிந்தால் வேலை போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனி அறிந்தால் பிரீமியம் ஏறும். 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் விளக்கத்தை அட்டவணை மொழிகளில் பெறும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. தமிழும் அதில் உண்டு. தமிழில் கேட்போம், புரிந்த பிறகே சம்மதம் தருவோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எண் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. அந்த எண் விருப்பத்தின்பேரில் பெறுவது, கட்டாயமன்று. தொழிலாளியின் ஏட்டை அவன் ஒப்புதலின்றி முதலாளி தொடக் கூடாது. என்ன தொழில், எத்தனை ஆண்டு என்பதும் நோயோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். பழைய நோட்டுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் முன் பழைய காகிதக் கடைக்குப் போடக் கூடாது. அந்த நோட்டுகளை இத்தனை ஆண்டு காத்த கம்பவுண்டரையும் எழுத்தரையும் வீட்டுக்கு அனுப்பாமல், புதிய வேலையைப் பழக்கித் தர வேண்டும்.

தோழர்களே! நாமும் செய்ய வேண்டியது உண்டு. உள்நோயாளியோ அவருக்குரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தர வேண்டும் என்பதும் அதே 2002ஆம் ஆண்டு விதிதான். எத்தனை தொழிலாளர்க்கு இது தெரியும்? சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஆலை வாசலில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி விட்டு வரும் தோழனிடம், "மருந்து வாங்கினாயா?" என்று கேட்பதோடு, "ஏட்டின் நகல் வாங்கினாயா?" என்றும் கேளுங்கள்.

நோய் அவனுடையது. வலி அவனுடையது. ஏடும் அவனுடையதே!