பெயரைச் சரிபார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்: பே ஏரியா தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



துக்கம் நேர்ந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, ஊருக்கு அவசரமாக டிக்கெட் போட்டுக் கொடுப்பது, அஸ்தி கொண்டுபோக என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துச் சொல்வது என்று சில ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்கள் நாங்கள். எங்களுக்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ கிடையாது, ஒரு வாட்ஸாப் குழு மட்டும் உண்டு. எங்களுக்கு வரும் அழைப்புகளில் பல, காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து வருபவை. "டெத் சர்டிபிகேட்டில் அப்பா பேர் வேற மாதிரி இருக்காம், தாலுகா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். அந்த நிலையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முதல் வாரத்திலேயே பெயரைச் சரிபார்த்திருந்தால் அரைமணி நேர வேலை.

கவுண்டிக்காரர்கள் இறப்புச் சான்றிதழைத் தாங்களாக எழுதுவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் மரணத்துக்கான காரணத்தை மருத்துவர் 15 மணி நேரத்துக்குள் எழுதித் தர வேண்டும். மற்ற விவரங்களை ஃபியூனரல் ஹோம் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, மாநிலத்தின் மின்னணுப் பதிவுமுறையில் ஏற்றுகிறது. 8 நாளைக்குள், அதுவும் தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்னால், மரணம் பதிவாகிவிட வேண்டும். அந்தப் பதிவை வைத்திருந்து, கேட்பவருக்குச் சான்றளித்த பிரதி தருவதுதான் கவுண்டியின் வேலை. நீங்கள் தூக்கமில்லாமல், அழுத கண்ணோடு, ஃபியூனரல் ஹோம் மேசையில் சொன்னது எதுவோ அதுதான் அரசாங்க ஆவணம்.

நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கலே வருகிறது. ஒரு பேச்சுக்கு, முத்துசாமி மகன் கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பட்டாவில் அவர் மு. கந்தசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்றும் கடைசிப் பெயர் கந்தசாமி என்றும் விழுந்திருக்கும். ஆஸ்பத்திரியில் மகன் பெயரைப் பார்த்து வேறு மாதிரி போட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கில் கே.எம். சாமி. இதில் எந்தக் கந்தசாமி இறந்தார் என்று திருச்செங்கோட்டிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு எப்படித் தெரியும்? அவரைக் கோபித்துப் பயனில்லை.

கலிபோர்னியா இறப்புச் சான்றிதழில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. முதல், நடு, கடைசிப் பெயர்களுக்குக் கீழே 'ஏ.கே.ஏ.' என்று ஒன்று இருக்கும். இன்ன பெயராலும் அறியப்பட்டவர் என்று எழுதும் இடம் அது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மேலே எழுதச் சொல்லுங்கள். பட்டாவிலும் வங்கியிலும் உள்ள பெயரை ஏ.கே.ஏ. கட்டத்தில் போடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் யாரும் அதைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், கட்டம் காலியாகவே போய்விடும். இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றையும் கேட்பார்கள். தாத்தா பெயரின் ஆங்கில எழுத்துகள் அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கும்? பதிவுக்கு அனுப்புமுன் வரைவைக் காட்டுவார்கள். அதை இறந்தவருக்கு மிக நெருக்கமானவர் படிக்க வேண்டாம். சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவர், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கட்டும்.

தப்பாகப் பதிவான பிறகும் திருத்தலாம். அதற்கு அஃபிடவிட் படிவம் உண்டு. ஆனால் பழைய பக்கம் மாறாது. திருத்தம் இரண்டாவது பக்கமாக இணைக்கப்படும், பிரதி கேட்கும்போது இரண்டும் சேர்ந்தே வரும். முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் வேறொன்று என்று இருக்கும் தாளை ஊரில் காட்டி விளங்கவைப்பது தனிப் பாடு.

தேதியும் அப்படித்தான். இங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. 03/04 என்றால் மார்ச் 4. ஊரில் அதை ஏப்ரல் 3 என்று படிப்பார்கள். போதாததற்கு, இங்கே திங்கட்கிழமை மாலை போன உயிர், இந்தியாவில் செவ்வாய்க்கிழமை காலை போனதாகக் கணக்கு. திதி எந்த நாளில் கொடுப்பது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் புரோகிதரும் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் ஊரில் தரும் மனுவிலும் அஃபிடவிட்டிலும் சான்றிதழில் உள்ள தேதியைத்தான், மாதத்தை எழுத்தால் எழுதி, குறிப்பிட வேண்டும்.

எந்தக் கவுண்டியில் வாங்குவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வீடு எங்கே என்பது கணக்கில்லை, உயிர் எங்கே பிரிந்ததோ அந்தக் கவுண்டிதான். ஃப்ரீமாண்டில் குடியிருப்பவர் ஸ்டான்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் இறந்தால், அலமீடா கவுண்டியில் தேடிப் பயனில்லை. சான்டா கிளாரா கவுண்டிக்குப் போக வேண்டும். அண்மையில் நடந்த மரணம் என்றால் கவுண்டி பொதுச் சுகாதாரத் துறையின் வைட்டல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேளுங்கள். பழைய பதிவுகள் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் கிடைக்கும். 1905 ஜூலை முதல் உள்ள பதிவுகள் சாக்ரமென்டோவில் மாநில அலுவலகத்திலும் உண்டு, ஆனால் அங்கே கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிரதியில் இரண்டு வகை உண்டு. காசு கட்டினால் யாருக்கும் கிடைப்பது தகவலுக்கான பிரதி. அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கும். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஊர்க் காரியங்களுக்கும் வேண்டியது மற்றொன்று, உரிமையுள்ளவருக்கு மட்டும் தரும் பிரதி. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் அதைக் கேட்கலாம். பட்டியலில் மருமகனும் மருமகளும் இல்லை! நம் வீடுகளில் ஓடியாடிக் காரியம் பார்ப்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளைதான். கவுன்ட்டர் வரை போய் அவர் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். மகளின் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழித் தாளில் அவர் கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்புவதானால் அந்தக் கையெழுத்து நோட்டரி முன்னிலையில் இருக்க வேண்டும். கவுண்டி பெயரைப்போலவே பெயர் வைத்துக்கொண்டு இணையத்தில் கூடுதல் காசு பறிக்கும் தளங்கள் நிறைய உள்ளன. கவுண்டியின் சொந்தத் தளத்தில் தொடங்கி, அது காட்டும் வழியில் மட்டும் போங்கள்.

ஒரு பிரதி 20 டாலருக்கு மேல் ஆகிறது. அதற்காக இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கே வங்கி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி இருந்தால் அதற்கும், ஊரில் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வைப்புநிதி, பென்ஷன் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். சில இடங்களில் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டுப் பிரதி வாங்கி வைப்பது எங்கள் பழக்கம்.

ஊருக்குப் போகும் பிரதிகளுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் ஆவணம் செல்லும்படி இணைக்கும் அரசுச் சான்று, வேண்டும். இந்தியா அதற்கான ஹேக் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. கலிபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் ஒரு தாளுக்கு 20 டாலர் வாங்கிக்கொண்டு அதை இணைத்துத் தரும். சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரியின் கையெழுத்து அவர்களிடம் பதிவில் இருந்தால்தான் செய்வார்கள். அதனால் பிரதி வாங்கும்போதே, "இந்தியாவுக்கு அப்போஸ்டில் செய்ய வேண்டும், இந்தக் கையெழுத்து போதுமா?" என்று கேட்டுவிடுங்கள். இறந்தவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், சான் ஃபிரான்சிஸ்கோ துணைத் தூதரகத்திலும் மரணத்தைப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட்டையும் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.

விபத்து, திடீர் மரணம், மருத்துவர் பார்க்காமல் நேர்ந்த மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரியான கொரோனர் விசாரிப்பார். காரணத்தின் இடத்தில் 'முடிவு நிலுவையில்' என்று போட்டுச் சான்றிதழ் வரலாம். இறுதிச் சடங்குக்கு அது தடையில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் காத்திருக்கக்கூடும். அந்த மாதிரி வீடுகளில் முதலில் இரண்டு பிரதி மட்டும் வாங்குங்கள், மீதியைக் காரணம் பதிவான பின் வாங்கலாம்.

இனி நாங்கள் கேட்பவை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து உங்களோடு இருக்கிறார்களா? இந்த வார இறுதியில் ஒரு தாளை எடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பட்டாவிலும் வங்கியிலும் உள்ள பெயர்கள், அவர்களின் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு வையுங்கள். எதற்கு என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. நேராகவே சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்கள் என்பது எங்கள் அனுபவம். உங்களுக்கும் உங்கள் துணைக்கும் இதேபோல ஒரு தாள் எழுதுங்கள்.

உதவி கேட்கும்போது, யாருடைய சான்றிதழையும் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். அதில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும், திருடனுக்கு வேறென்ன வேண்டும்? எங்களில் ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

கடைசியாக, எங்களுக்கு நோட்டரிகள் தேவை. கையெழுத்திடுபவர் நோட்டரி முன் நேரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடமாட முடியாத பாட்டியை நோட்டரி இருக்கும் கடைக்கு அழைத்துப்போக முடிவதில்லை. 18 வயது நிரம்பி, கலிபோர்னியாவில் சட்டப்படி வசிப்பவர், 6 மணி நேர வகுப்பும் ஒரு தேர்வும் பின்னணிச் சோதனையும் முடித்தால் நான்கு ஆண்டுக்கு நோட்டரியாகலாம். அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. ஏற்கெனவே நோட்டரியாக இருப்பவர்கள், மாலையிலோ வார இறுதியிலோ வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கித் தர முடியுமானால், எந்த ஊர், எந்த நேரம் என்று எங்களிடம் தெரிவியுங்கள். சான் ஹோசேயிலும் ஃப்ரீமாண்டிலும் ஓரளவுக்கு ஆள் இருக்கிறது. டப்ளின், சான் ரமோன் பக்கம் இதுவரை ஒருவரும் இல்லை.